கைதட்டல் தொடக்க அலுவலர்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் நவீன இசையில் எந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்பதைக் கண்டுபிடித்த பெருமை நவீன இசை மேம்பாட்டுச் சங்கத்தையே சாரும். அதுவும் லேசில் இல்லை. ஒன்பது கூட்டங்கள், மூன்று துணைக்குழுக்கள்.

காரணம் இருந்தது. போன வருடக் கச்சேரியில் வாத்தியக்காரர்கள் பக்கம் புரட்ட நிறுத்தியபோதெல்லாம் சபை கைதட்டியது. நிஜமாகவே முடிந்தபோது, இன்னும் பாக்கி இருக்குமோ என்ற பயத்தில் கம்மென்று உட்கார்ந்திருந்தது. பிடித்திருந்தால் தட்டச் சொல்லிவிடலாமே என்றார் புது உறுப்பினர் ஒருவர்.

"பிடிச்சிருக்கான்னு அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டார் தலைவர். புது உறுப்பினர் அப்புறம் கூட்டங்களுக்கு வரவில்லை.

ஆக, 'கைதட்டல் தொடக்க அலுவலர்' என்ற பதவி உருவாயிற்று. அவர் தட்டிய பிறகே மற்றவர்கள் தட்டலாம் என்று நுழைவுச்சீட்டின் பின்பக்கம் அச்சடித்தும் விட்டார்கள். இந்த வருடம் வயலின் வாசிக்கும் அம்மாளின் கணவரே அதற்குத் தேர்வானார். அவர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். பதினெட்டு வருட சர்வீஸில் ஒரு பஸ்ஸைக்கூட அரை நிமிடம் முன்னால் கிளம்ப விட்டதில்லை.

இன்னொரு தகுதியும் அவருக்கு உண்டு. மனைவி வாசித்துப் பழகும்போது அறைக் கதவைச் சாத்திவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டுகிறவர். அந்த இசை பற்றி அவருடைய அபிப்பிராயம், கதவுக் கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்பதுதான். ஆகவே கடமை நேரத்தில் மனம் பறிபோகும் அபாயமே கிடையாது.

பொறுப்பு சாமான்யமானதல்ல. கைதட்டல் நாற்பது விநாடிக்குக் குறைந்தால் அந்தக் கலைஞருக்கு மறு வருடம் மேடை இல்லை என்பது சங்கத்தின் புது விதி. அவர் மனைவிக்கு இருந்த மேடையே அது ஒன்றுதான். கச்சேரிக்கு முந்தின இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை.

"நடுவுல ஒன்றரை நிமிஷம் மௌனம் வரும். வில் அந்தரத்துல நிக்கும். அப்பத் தட்டிடாதீங்க. கீழ இறக்கினதும் தட்டுங்க" என்று மனைவி பாடம் எடுத்திருந்தாள். அவரும் கடிகாரமும் கையுமாக ஒத்திகை பார்த்திருந்தார்.

கச்சேரியன்று இரண்டாவது வரிசை ஓரத்தில் அமர்ந்தார். முதல் இரண்டு உருப்படிகளை அப்பழுக்கில்லாமல் தட்டி முடித்தார். தலைவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். கடைசி உருப்படி வயலின், செல்லோ, பியானோ மூன்றுக்குமானது. இயற்றியவரே முதல் வரிசையில் உயிரோடு உட்கார்ந்திருந்தார்.

மௌனம் வந்தது. டைம் கீப்பர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூறாவது விநாடியில் வயலின் மட்டும் தனியாக, மெல்லிசாக எழுந்தது. நாலு மாதமாக வீட்டில் கேட்ட அதே சத்தம்தான். ஆனால் இன்று நடுவில் கதவு இல்லை. இவ்வளவு துக்கத்தை இவள் எங்கே வைத்திருந்தாள் என்று நினைத்துக்கொண்டார். கடிகாரத்தை மறந்தார்.

வில் இறங்கியது. நூற்றுப் பன்னிரண்டு பேர் அவருடைய கைகளைப் பார்த்தார்கள். கைகள் மடியிலேயே கிடந்தன. தலைவர் இருமினார். செயலாளர் ஜாடை காட்டினார். விதியை மீறி ஒருவரும் தட்டவில்லை. வாசித்த மூவரும் அந்த அமைதிக்கே ஒரு வணக்கம் போட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

உள்ளறைக்கு அவரும் ஓடினார். செயலாளரும் கூடவே வந்தார்.

"ஏங்க தட்டல?" என்றாள் மனைவி.

"கேட்டுட்டே இருந்துட்டேன். முடிஞ்சதே தெரியல."

அவள் வயலினைத் துடைப்பதை நிறுத்தினாள். "எந்த இடம்?"

"மௌனம் முடிஞ்சு நீ மட்டும் ஒத்தையா வாசிப்பியே, அது."

"வீட்ல தினமும் வாசிச்சேனே."

"கதவைச் சாத்தியிருந்தேன்."

அவள் வயலினைப் பெட்டியில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. மேடை போனால் போகட்டும் என்றாள். செயலாளர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. கைதட்டல் பூஜ்யம் விநாடி, எனவே அம்மாளுக்கு மேடை இல்லை. அலுவலருக்குத் தனியாக ஒரு குறிப்பாணை:

"நிகழ்ச்சியின்போது தாங்கள் இசையைக் கேட்டுக்கொண்டிருந்தது விசாரணையில் உறுதியாகியுள்ளது. சங்கத்தின் இருபத்திரண்டு ஆண்டு வரலாற்றில் இப்படியொரு சம்பவம் நடந்ததே இல்லை."