வலிக்காத பல்

இனி இந்த வீட்டில் எந்தப் பீரோவையும் நகர்த்துவதில்லை என்று ஒரு சனிக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். வீரமான முடிவுதான். அதை மனைவியிடம் சொல்லும் அளவுக்குத்தான் வீரம் போதவில்லை.

என் வேலையைச் சொன்னால் உங்களுக்கே இரக்கம் வரும். லிஃப்ட் கம்பெனியில் புகார் கேட்கிற மேஜை என்னுடையது. எங்கேயாவது இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர் எனக்குத்தான் போன் செய்து கத்துவார். லிஃப்ட் இறங்காது, திட்டு மட்டும் என் மேல் இறங்கும். இப்படி வாரம் முழுக்க வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவனுக்கு மிச்சமிருந்தது பின்பக்கத்துச் சின்ன அறையும், அதில் ஒரு சாய்வு நாற்காலியும். அந்த அறைக்குத்தான் மாமியார் வருகிறார்.

"ஏங்க, அம்மா வர்றதுக்குள்ள அந்த ரூமை ஒழிக்கணும். பீரோவை ஹாலுக்குத் தள்ளுங்க. நாற்காலியைப் பரண்ல போடுங்க."

"பரண்லயா? அப்ப நான் எங்க சாயறது?"

"செவுத்துல."

அப்போதுதான் எனக்கு ஒரு பல் ஞாபகம் வந்தது. கீழ்வரிசை, வலதுபக்கக் கடைவாய்ப்பல். போன மாதம் உயிரை எடுத்துவிட்டு, பிறகு தானாகவே அடங்கிப்போயிருந்தது. டாக்டர் வாசலை மிதிக்காமலே ஜெயித்துவிட்டேன் என்று பெருமைகூடப் பட்டிருந்தேன். ஓய்வு பெற்ற அந்தப் பல்லை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டேன்.

"ஆ!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க?"

"பல்லு வலி. குனிஞ்சா மண்டை வரைக்கும் இழுக்குது. பீரோ கீரோன்னு தள்ளினா அவ்வளவுதான்."

"எந்தப் பக்கம்?"

"வலது."

"கை இடது கன்னத்துல இருக்கே?"

"வலி சுத்திக்கிட்டே இருக்கு."

ஒரே ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் குரல் தேனாகிவிட்டது. அதுதான் எனக்குப் பயம்.

"பாவம், எத்தனை நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்தீங்களோ! கிளம்புங்க, டாக்டர்கிட்ட போலாம்."

"இல்ல, இப்பக் கொஞ்சம் தேவலை."

"தேவலைன்னா பீரோவைத் தள்ளுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அவள் நடந்த வேகத்திலேயே புரிந்துவிட்டது. பிடுங்கப் போவது என் பல்லை அல்ல, என் பொய்யை.

பல் டாக்டர் ஒரு பெண்மணி. சின்னக் கண்ணாடி பொருத்திய கம்பியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே வந்தார்.

"இது?"

"பரவாயில்லை."

"இது?"

நாற்காலியிலிருந்து ஒரு முழம் எழும்பினேன். சத்தியமாக நடிக்கவில்லை. நடிக்க நேரமே கிடைக்கவில்லை. என் மனைவி வாயைப் பிளந்தாள். இவ்வளவு நன்றாக எனக்கு நடிக்க வராது என்று அவளுக்குத் தெரியும்.

எக்ஸ்ரே திரையில் வந்தது. பல்லின் வேர் நுனியில் பட்டாணி அளவுக்கு ஒரு கறுப்பு நிழல்.

"முன்னாடி பயங்கரமா வலிச்சு, அப்புறம் தானா நின்னுச்சா சார்?" என்றார் டாக்டர்.

"ஆமா. குணமாயிடுச்சு."

"குணமாகலை. உள்ள இருந்த நரம்பு செத்துப்போச்சு. அழறதுக்கு ஆள் இல்லாம வீடு அமைதியா இருக்கு, அவ்வளவுதான். கிருமி அந்தச் செத்த வேருக்குள்ள குடியிருக்கு. அங்க ரத்த ஓட்டமே கிடையாது. அதனால உங்க உடம்போட காவல்படை உள்ள போக முடியாம, வேர் வாசல்ல நின்னு சண்டை போடுது. அதுக்குப் பேருதான் அழற்சி."

"அயர்ச்சியா டாக்டர்? அது எனக்குக் கல்யாணத்திலேருந்தே இருக்கு."

"அழற்சி!" என்றார்கள் இருவரும் சேர்ந்து.

"அந்தக் கறுப்பு என்னங்க டாக்டர்?" என்றாள் மனைவி.

"எலும்பு கரைஞ்ச இடம்மா. கிருமியைவிட, சண்டைக்கு வந்த இவர் உடம்பே கரைச்சதுதான் அதிகம். கிருமி பரவிடாம இருக்க வேருக்கும் எலும்புக்கும் நடுவுல ஒரு வேலி போடுது. வேலி நல்லதுதான். ஆனா கிருமி உள்ள இருக்கிற வரைக்கும் சண்டை ஓயாது, எலும்பும் கரைஞ்சுக்கிட்டே இருக்கும்."

"மாத்திரை போட்டா சரியாகாதா?"

"மாத்திரை ரத்தத்தோட போறது. செத்த பல்லுக்குள்ள ரத்தமே போகாதே? வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சா சண்டை தானா ஓயும். எலும்பும் மெல்ல மெல்ல வளரும். இப்படியே விட்டிருந்தா ஒருநாள் மூஞ்சி வீங்கி, சீழ் கட்டி, காய்ச்சலோட தூக்கிட்டு வந்திருப்பீங்க."

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நெனச்சுட்டேங்க" என்றாள். கண்ணில் தண்ணீர்.

"பொய்தான்" என்று சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஊசி இறங்கியது.

கன்னமும் நாக்கும் மரத்துப்போயின. வாயின் மேல் ஒரு ரப்பர் துணியை விரித்துக் கவ்வி மாட்டினார்கள். "வாயை மூடக் கூடாது, பேசக் கூடாது" என்றார் டாக்டர். மெல்லிய ஊசிகள் வேருக்குள் போய் வந்தன. மனைவி பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண் சீக்கிரமே காய்ந்துவிட்டது.

"டாக்டர், இவர் கனமான சாமான் தூக்கலாமா?"

"இன்னிக்கு வேணாம்மா."

எனக்கு உள்ளுக்குள் மத்தாப்பு. எலும்பு கரைந்தாலும் நாற்காலி பிழைத்தது.

"சரி, நாளைக்குத் தள்ளட்டும்" என்றவள் என் பக்கம் குனிந்தாள். "ஏங்க, அம்மா ஒரு வாரம்தான் இருக்கப்போறேன்னாங்க. அங்க தனியாத்தானே கிடக்கறாங்க? பேசாம நம்மளோடவே இருந்துடட்டுமே? உங்களுக்கு இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"ஆ... ஆ... ஆஆ!"

"அசையாதீங்க சார்" என்று டாக்டர் அதட்டினார்.

மனைவி போனை எடுத்து அங்கேயே பேசினாள்.

"அம்மா, எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கிட்டு வந்துடு. இனி இங்கதான். மாப்பிள்ளைகிட்ட இப்பதான் கேட்டேன், ஒரு வார்த்தை மறுக்கலை, டாக்டரே சாட்சி. 'ஆகா'ன்னு சொல்ல வந்தாரு, நாக்கு மரத்ததால பாவம், 'கா' வரலை."

நான் சொல்ல வந்தது 'ஆகாது'.