ஏழு நிமிடத்துக்குப் பத்து நகங்கள்

வெளியூர்ப் பயிற்சி முகாமில் மூன்று வேளையும் பிறர் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அக்காவுக்கு, உன் வீட்டுக்குக் காவல் இருக்கும் தம்பி எழுதிக்கொள்வது. நானும் உன் மகளும் உயிரோடு இருக்கிறோம். வீடும் இருந்த இடத்தில் இருக்கிறது. நலம் விசாரிக்கும் பகுதி இத்துடன் முடிந்தது.

கைபேசியில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய் என்பதால் கடிதம். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே ஆலோசனை சொல்லும் சிரமமும் உனக்கு இல்லை.

திங்கட்கிழமை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய்: "வெள்ளிக்கிழமை அவளுக்கு ஸ்கூல் விழாடா. தனியா கீபோர்டு வாசிக்கிறா. அந்த நகத்தை மட்டும் கொஞ்சம் பார்த்து ஏதாவது போட்டு விட்டுடு. அரை மணி நேர வேலை." அந்த அரை மணி நேரம் புதன்கிழமை மாலை நாலு மணிக்கு ஆரம்பித்தது. இன்று வெள்ளிக்கிழமை காலை. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் நீ வக்கீல் என்று கூப்பிடுகிற உன் மகள், தேர்வு வாரத்தில் பத்து நகத்தையும் சதை வரைக்கும் தின்று தீர்த்திருக்கிறாள். பதினாறு வயது. நகம் கடிப்பது சுயக்கட்டுப்பாடு இல்லாதவர்கள் செய்யும் காரியம் என்று அவளிடம் நேராகவே சொன்னேன். வழக்கமாக மூன்று பதில் வைத்திருப்பவள், இந்த முறை கையை மடக்கி அக்குளுக்குள் சொருகிக்கொண்டாள். விஷயம் என்னவென்றால், மேடைக்கு மேலே கேமரா கட்டி, வாசிப்பவரின் விரல்களைப் பெரிய திரையில் காட்டப் போகிறார்களாம். "என் ஒவ்வொரு விரலும் கதவு சைசுக்குத் தெரியும் மாமா. நகம் சரியாகலன்னா நான் போகமாட்டேன்" என்றாள். ஒரு வருடமாகப் பழகிய ஏழு நிமிட இசை, நகத்தில் வந்து நிற்கிறது. உன் வீட்டு முன்னுரிமைகள் அப்படி.

சரி, பூச்சு என்பது என் தொழில். குழாய்களுக்குப் பூச்சு அடிக்கும் ஆலையில் தினமும் தரம் பார்ப்பவனுக்கு நகம் என்ன பெரிய விஷயம் என்று நகக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் ஒரு தட்டை நீட்டினார்கள். அதில் இருநூற்றுப் பதினாலு வண்ணம். எங்கள் ஆலையில் வண்ணத்துக்கு எண் இருக்கும். இங்கே 'மழைக்கு முந்தைய மாலை' என்று ஒன்று, 'சொல்லாத சொல்' என்று ஒன்று. இரண்டும் ஒரே சாம்பல். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்த நகக்காரம்மா, "ஆமா தம்பி, பேரு வைக்கறது நாங்க இல்ல" என்றார். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் கண்ணாடி தொங்கியது. பிறகு வகைகள். சாதாரணப் பூச்சு, விளக்கில் காயவைக்கும் ஜெல், பொடியில் முக்குவது, தூளும் திரவமும் கலந்து அச்சு வைத்துக் கட்டி எழுப்பும் அக்ரிலிக், ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக். எதற்கும் கடினம் எவ்வளவு, ஒட்டும் வலிமை எவ்வளவு என்று ஒரு தாள் கிடையாது. கேட்டால் "நல்லா நிக்கும்" என்கிறார்கள். பாலம் கட்டுகிறவன் இப்படிச் சொன்னால் நீ அந்தப் பாலத்தில் ஏறுவாயா? அங்கேயே உட்கார்ந்து நானே கட்டம் போட்டு அட்டவணை தயாரித்தேன். வக்கீல் என்னைத் தெரியாதவள்போல இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அட்டவணைப்படி அக்ரிலிக் முதலிடம். மூன்று வாரம் தாங்கும். சுத்தியலால் அடித்தாலும் அடித்தவனுக்குத்தான் வலிக்கும்.

நகக்காரம்மா கேட்டார்: "பாப்பா கையால என்ன செய்யப்போகுது?"

வாடிக்கையாளரிடம் ஊர்க்கதை பேசும் பழக்கம் என்று நினைத்து, "ஒண்ணும் செய்யாது, மேடையில இருக்கும், நீங்க ஆரம்பிங்க" என்றேன். வக்கீல் வாயைத் திறந்தாள். நேரமாகிறது என்று சொல்லி மூடவைத்தேன்.

இரண்டு மணி நேரம் ராவி, கட்டி, மறுபடி ராவிப் பத்து நீள நகம் எழுந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

நேற்று மதியம் ஒத்திகை. நான் கடைசி வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருந்தேன். உன் மகள் கையை வைத்தாள். பாட்டுக்கு முன்னால் நகம் கேட்டது. டக், டக், டக் என்று ஓடு வேய்ந்த கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல. விரலை வளைக்க முடியவில்லை. வளைத்தால் நகம் இடிக்கிறது, நீட்டினால் கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே போய் மாட்டுகிறது. ஒலிவாங்கி வேறு அதையெல்லாம் அக்கறையோடு பெரிதாக்கிக் கொடுத்தது. இசை ஆசிரியர் கையை உயர்த்தி, "தட்டச்சு வகுப்பு பக்கத்துக் கட்டடம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எழுந்து நேராகக் கடைசி வரிசைக்கு வந்து, என்னைப் பார்த்து, "நேத்து கடையில கீபோர்டு வாசிக்கப் போறேன்னு சொல்லத்தான் வந்தேன் மாமா, நீங்க விட்டாத்தானே" என்றாள்.

கடைக்குத் திரும்பினோம். "நான் கேட்டேனே தம்பி" என்றார் நகக்காரம்மா. எனக்கு வந்த கோபத்தில், "வாடிக்கையாளர் ஏதோ சொன்னா அப்படியே செஞ்சிடறதா? எங்க ஆலையில குழாய்க்குள்ள என்ன ஓடும்னு தெரியாம ஒரு சொட்டு பூச்சு அடிக்கமாட்டோம்" என்றேன்.

"நாங்களும் அதத்தான் தம்பி கேக்கறோம்" என்றார்.

வக்கீலின் கையைப் பிடித்து மேசைமேல் வைத்து, கழற்றுங்கள் என்றேன்.

பத்து விரலிலும் பூச்சைக் கரைக்கும் அசிட்டோன் பஞ்சு வைத்து, அலுமினியத் தாள் சுற்றி, முக்கால் மணி நேரம் பொட்டலம்போல உட்காரவைத்துக் கழற்றினார்கள். உள்ளே இருந்த நகம் முன்பைவிட மோசம். வெளுத்து, செதில் செதிலாக. குட்டையாகவே விட்டு, நிறமில்லாத ஜெல் மெல்லிசாக இரண்டு பூச்சு போதும், கைக்கும் தெரியாது என்றார் அந்த அம்மா. நான் சம்மதிக்கவில்லை. சேதமான பரப்பில் ஒரு நாளாவது ஆறவிடாமல் மறுபூச்சு அடிக்கக் கூடாது என்பது விதி. நான் எழுதிய விதி, ஆலைச் சுவரில் மாட்டியிருக்கிறது. "அப்போ நான் போகல" என்றாள் வக்கீல். "போகாதே" என்றேன்.

ஆகவே முடிவு இது: அவள் இன்று மேடை ஏறப்போவதில்லை. பத்து மணிக்கு ஆசிரியரிடம் சொல்லிவிடுவேன். நகத்துக்காக மேடையை விடுகிறவளுக்கு மேடை தேவையில்லை. நகக்கடை என்பது நாகரிகம் கண்டுபிடித்த வீண் வேலைகளில் முதன்மையானது. இனி இந்த மாதிரிப் பொறுப்பு எதையும் என்னிடம் ஒப்படைக்காதே. இதைத் தபாலில் போட அவளையே அனுப்புகிறேன், கொஞ்சம் காற்றாவது வாங்கட்டும்.

சின்னவன் பெரியவளை வாழ்த்தக் கூடாது என்பார்கள். நாலு நாள் உன் மகளை வளர்த்ததில் எனக்கு வயதாகிவிட்டது. எனவே நீ நோயின்றி, சான்றிதழோடு, சீக்கிரமாக வந்து சேர ஆசீர்வதிக்கும்,

உன் தம்பி.

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. உறையை ஒட்டாமல் கொடுத்தது என் தவறு. நேற்று தபால் பெட்டிக்குப் போனவள் பாதித் தெருவில் படித்துவிட்டுத் திரும்பி வந்து, "சுயக்கட்டுப்பாடு இல்லாதவங்கன்னு எழுதியிருக்கீங்க. கையைக் காட்டுங்க மாமா" என்றாள். வேலையில் கையுறை, வீட்டில் கால்சட்டைப் பை என்று இத்தனை நாள் ஓட்டினேன். உனக்கு மட்டும்தான் தெரியும். காட்டினேன். தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "உங்களுது என்னோடதைவிட மோசம்" என்றாள். பதினைந்து வருட அனுபவம் என்றேன். ஆசிரியரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மணிக்கு இரண்டு பேரும் கடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். நகக்காரம்மா இரண்டு ஜோடிக் கைகளையும் பார்த்தார், நிறமில்லாத ஜெல் புட்டியை எடுத்தார். நானும் விதியைப் பற்றிப் பேசவில்லை. மாலை திரையில் விரல்கள் கதவு சைசுக்குத்தான் தெரிந்தன. முதல் நிமிடம் விரலை உள்ளே இழுத்து இழுத்து வாசித்தாள், ஒரு இடத்தில் பிசகியது. மூன்றாவது நிமிடத்தில் தனக்கு நகம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாள். நீ வந்ததும் அவளிடம் நகத்தைப் பற்றி எதுவும் பேசாதே. என்னிடமும்.