மாப்பிள்ளை எழுதிய நாற்பத்தோரு கடிதங்கள்

ஆவடி குவார்ட்டர்ஸ்
11.2.1993

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை குணசேகரன் அவர்களுக்கு, மாமனார் ரகுநாதன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் யாவரும் சுகம், உங்கள் மாமியார் பார்வதத்தின் இடது முழங்கால் நீங்கலாக. அவ்விடத்துக் குளிர் எப்படி?

நிற்க. நேற்று வனஜாவின் விசா இன்டர்வியூவுக்குப் போனோம். தமிழ் தெரிந்த ஆபீசரம்மா கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "கல்யாணம் சரி. இந்த ரெண்டு வருஷமா புருஷன் பெண்சாதிக்குள்ள தொடர்பு இருந்ததுக்கு என்ன அத்தாட்சி?" என்றார். இதற்குத்தானே காத்திருந்தேன்! உங்கள் கடிதங்கள் நாற்பத்தொன்றையும் இங்கிலீஷில் டைப் அடித்து, எங்கள் ஃபாக்டரி கெஜட்டட் ஆபீசர் பால்ராஜ் சாரிடம் ஒவ்வொன்றிலும் கையெழுத்து, முத்திரை வாங்கி வைத்திருந்தேன், பாவம், அவருக்குக் கையே வீங்கிப் போச்சு. அந்த அம்மாள் பத்துக் கடிதம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், எல்லாமே உங்களுக்குத்தான் எழுதியிருக்கார். உங்க ரத்தக் கொதிப்பு, உங்க பிரமோஷன், உங்க முருங்கை மரம். மனைவி எங்கே சார்?" கடைசி வரியைப் பாருங்கம்மா, 'வனஜாவைக் கேட்டதாகச் சொல்லவும்'னு நாற்பத்தொண்ணுலயும் இருக்கேன்னேன். கௌரவமான குடும்பத்துல பெரியவர் பேருக்குத்தானே கடிதம் வரும், நான் கூடத்துல உட்கார்ந்து சத்தமா வாசிப்பேன், பக்கத்து வீட்டு லோகநாயகி வரைக்கும் வந்து கேட்பாங்கன்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வேறு அத்தாட்சி கிடைத்ததும் வாங்க என்று அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை, என்னாலதானே வனஜா பயணம் நின்னுச்சு. ஸ்டேஷன் ஆட்டோ துலுக்கானத்திடம் ஆற்றாமையில் சொன்னால், "அப்டின்னா மாப்ள ஒன்னியத்தான் கட்டிகினு கீறாரு நைனா!" என்று சிரிக்கிறான்.

ஆகவே இது கண்டவுடன் வனஜாவுக்கு, வனஜா பெயருக்கே, நாலு காதல் கடிதம் எழுதவும். 'அன்பே' என்று கடிதத்துக்கு ஒரு தடவை போடலாம், ஆட்சேபணை இல்லை. அதற்கு மேல் வேண்டாம். பால்ராஜ் சார் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனுஷன். உங்களுக்கு வராதென்றால் நானே எழுதி அனுப்புகிறேன், பார்த்து எழுதினால் போதும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் க்ஷேமம் கோரும்
ரகுநாதன்

பின்குறிப்பு: மேற்படி யாவும் ரத்து. இதைத் தபாலில் போடாமல் ரெண்டு நாள் சட்டைப் பையில் மறந்துவிட்டேன். அதற்குள் வனஜா, பட்டாபிராமில் தையல் கடை வைத்திருக்கும் சிநேகிதி ஜமீலாவோடு போய் விசாவே வாங்கி வந்துவிட்டாள்! ஜமீலா கடை விலாசத்துக்கு நீங்கள் வனஜாவுக்கு எழுதியது நூற்றுப் பன்னிரண்டாமே? ஒன்றிலும் பால்ராஜ் சார் முத்திரை கிடையாது. ஆபீசரம்மா மூன்றுக்கு மேல் படிக்க முடியாமல் முகம் சிவந்து கையெழுத்துப் போட்டாராம். "முதல் நாளே ஏன்டி காட்டல?" என்றால், "நீங்க பக்கத்துல நின்னீங்களேப்பா" என்கிறாள். ஏன் மாப்பிள்ளை, எனக்கு மட்டும் குளிரும் ரத்தக் கொதிப்பும்தானா? போகட்டும். இவ அங்க வந்துட்டா ஜமீலா கடைக்கு எழுத வேலையில்ல. எனக்கு எழுதறதை மட்டும் நிறுத்திடாதீங்க. குளிரைப் பத்தியே எழுதுங்க, சத்தமா வாசிச்சுக்கறேன். கடைசி வரியை மட்டும் வனஜா எழுதட்டும்.