ஒரு லிட்டர் போத்தலும் அக்காவின் கல்யாண மாலையும்

ஓடாத மோட்டார் சைக்கிளைக் கழற்றுகிறவனுக்கு மெக்கானிக் என்று பெயர். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்றுகிறவனுக்கு என்ன பெயர் என்று எங்கள் வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். யோசிக்காமல் என் பெயரைச் சொல்வார்கள்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கூலாய் டவுனில் ஒரு தொழிற்சாலையில் அட்டைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை. ஆனால் மனதுக்குள் நான் இன்ஜினியர். கார்புரேட்டர் டியூனிங் பற்றி கைப்பேசியில் இரண்டு காணொளிகள் பார்த்திருந்தேன் (இரண்டாவதை முழுசாகப் பார்க்கவில்லை. பாதியிலேயே புரிந்துவிட்டது என்று நினைப்பு).

ஆராய்ச்சிக்குச் சிக்கியது அப்பாவின் பழைய கப்சாய். முன்னால் கம்பிக் கூடை வைத்த சின்ன மோட்டார் சைக்கிளை எங்கள் ஊர் ரெங்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அது பாவம், ஒரு லிட்டருக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டு தன் பாட்டுக்கு இருந்தது. அதை அறுபதாக்கிக் காட்டுகிறேன் என்று சாப்பாட்டு மேசையில் அறிவித்தேன். அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ரசத்தைக் குடித்தார்.

என் கொள்கை எளிமையானது. கார்புரேட்டர் என்பது பெட்ரோலும் காற்றும் கலக்கிற இடம். அதில் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. திருப்பினால் காற்று கூடும், பெட்ரோல் குறையும். குறைந்தால் மிச்சம். வண்டியைத் தயாரித்தவர்களுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று அவர்கள் மேல் எனக்குப் பரிதாபமே வந்தது. ஒன்றரைச் சுற்று திருப்பினேன்.

அன்றிலிருந்து வண்டி டப் டப் என்று வெடித்தது. மேட்டில் ஏற மறுத்தது. சிக்னல் விளக்கில் நின்றால் இன்ஜின் அணைந்துவிடும் என்பதால் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே நிற்க வேண்டும்.

"வண்டி இருமுதுடா," என்றார் அப்பா.

"அது மிச்சம் புடிக்கிற சத்தம்பா."

கணக்காக நிரூபிக்காமல் விடுவதில்லை என்று அடுத்து மைலேஜ் சோதனையில் இறங்கினேன். சீட்டுக்கு அடியில் இருக்கும் டேங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, மடக்கி, ரப்பர் போட்டுக் கட்டினேன். ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தலில் பெட்ரோல் நிரப்பி, முன்கூடைக்குள் கம்பியால் கட்டி, அதிலிருந்து கார்புரேட்டருக்கு வேறு குழாய் கொடுத்தேன். மீட்டரில் இருந்த எண்ணை ஒரு காகித டேப்பில் எழுதி மீட்டர் ஓரத்தில் ஒட்டினேன். போத்தல் காலியாகி வண்டி எங்கே நிற்கிறதோ அதுவரை எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தால் முடிந்தது. ஏறி உட்காரப் போன நேரம் பார்த்து அம்மா தோரணம் கட்டக் கூப்பிட்டார். போனேன். போத்தல் அங்கேயே இருந்தது.

தோரணம் எதற்கென்றால், மறுநாள் என் அக்கா ரேவதிக்குக் கல்யாணம்.

அந்தக் கல்யாணத்தில் எனக்கு ஒரே ஒரு பொறுப்பு. விடியற்காலையிலேயே குளுவாங் டவுனுக்குப் போய்ப் பூக்கடையில் மாலைகளை வாங்கி வர வேண்டும். மாப்பிள்ளை கோவில் வாசலில் இறங்கும்போது பெண்ணின் தம்பி மாலை போட்டு, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவது எங்கள் வழக்கம். சித்தப்பா காரில் போய் எடுத்து வருவதாகத்தான் முதலில் பேச்சு. அக்காதான் விடவில்லை.

"கோபி போவான். அவன்தானே போடப் போறான், அவனே எடுத்துட்டு வரட்டும்," என்றாள். அப்புறம் என் காதைப் பிடித்து, "இந்த ஒரு வேலைதான்டா. சொதப்பிடாத லா," என்றாள். அதுவரை என்னை நம்பி ஒரு தேங்காயை உடைக்கக்கூட அந்த வீட்டில் யாரும் கொடுத்ததில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

காலை ஆறரை மணி, இன்னும் இருட்டு (எங்கள் பக்கம் ஏழு மணிக்குத்தான் விடியும்). பூமாலைகளில் கம்பி குத்தாமல் இருக்க அம்மா பழைய கைலி ஒன்றை மடித்துக் கூடைக்குள் திணித்து வைத்திருந்தார். போத்தல் அதற்குள் மறைந்துவிட்டது, என் ஞாபகத்திலிருந்தும்.

"எண்ணெ இருக்காடா?" என்று கேட்டார் அப்பா.

சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். டேங்க் விளிம்பு வரை நிறைந்திருந்தது. "முழு டேங்க்பா!" என்றேன். அதில் பொய்யே இல்லை.

போகும்போது ஒரு குறையும் இல்லை. இருமிக்கொண்டே குளுவாங் சேர்ந்தேன். அக்கா தானே தேர்ந்தெடுத்த மல்லிகையும் ரோஜாவும் சேர்ந்த மாலைகள், வாழையிலையில் சுற்றித் தயாராக இருந்தன. கைலியின் மேல் பச்சைக் குழந்தையைப் போலக் கிடத்திக்கொண்டு திரும்பினேன். ரெங்கத்துக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கும்போது, இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், வண்டி கடைசியாக ஒரு முறை இருமிவிட்டு நின்றது.

மீண்டும் சீட்டைத் தூக்கினேன். டேங்க் நிறைய பெட்ரோல். அப்படியென்றால் கோளாறு கார்புரேட்டரில்தான்! உண்மையைச் சொல்கிறேன், எனக்கு லேசாகச் சந்தோஷம்கூட வந்தது. இதற்காகத்தானே இரண்டு காணொளி பார்த்தோம்!

மாலைகளைச் செம்பனை மட்டையில் தொங்கவிட்டேன். சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, வெறும் பனியனோடு, குழாய் எங்கிருந்து வருகிறது என்றுகூடப் பார்க்காமல் பிடுங்கிவிட்டு, கார்புரேட்டரைப் பிரித்தேன். ஒவ்வொரு பாகமாக ஹெல்மெட்டுக்குள் போட்டேன். மூடியைத் திறந்ததும் உள்ளே இருந்த ஸ்பிரிங் துள்ளி, என் மூக்கை உரசிக்கொண்டு புல்லுக்குள் போனது. அதன் பிறகு அதை மனிதக் கண் பார்க்கவில்லை.

கைப்பேசி அடித்தது. அக்கா.

"எங்கடா இருக்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன்கா!" என்றேன், நாலு காலில் புல்லைத் துழாவிக்கொண்டே.

மறுபடி அடித்தது. மறுபடி வந்துகொண்டே இருந்தேன். மூன்றாவது முறை அவள் குரலில் அழுகை தெரிந்தது. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க குளுவாங் தாண்டிட்டாங்களாம்டா." அப்போதுதான் புல்லைத் துழாவுவதை விட்டேன். நம்பி ஒரே ஒரு வேலை கொடுத்தாள். அதையும் நான் செம்பனை மரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். கூசிப் போனேன். சித்தப்பாவைக் கூப்பிடுவதுதான் ஒரே வழி என்று முகத்தைத் துடைத்தேன் (கறுப்புக் கையோடு).

கைப்பேசியில் அவர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தபோதே பூ அலங்காரம் செய்த ஒரு கார் என்னைத் தாண்டிப் போய், பிரேக் போட்டு, அப்படியே பின்னோக்கி வந்தது. கண்ணாடி இறங்கியது. உள்ளே சிகாமட்டிலிருந்து வரும் மாப்பிள்ளை பிரபா. பட்டு வேட்டி, சந்தன நிற ஜிப்பா, நெற்றியில் பொட்டு.

"அலமாக், ஐயோ! மச்சான், இங்க என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் இல்ல மாமா. சின்ன டியூனிங்."

அவர் இறங்கி வந்து, மரத்தில் தொங்கும் மாலைகளைப் பார்த்தார். ஹெல்மெட்டைப் பார்த்தார். என் கரி முகத்தைப் பார்த்தார். பிறகு மாலையைச் சுற்றிக்கொள்ளலாம் என்று கூடையிலிருந்த கைலியை எடுத்தார்.

"மச்சான், இந்தப் போத்தல் என்ன?"

காலிப் போத்தல். அதிலிருந்து ஒரு குழாய், நேராகக் கார்புரேட்டர் இருந்த இடத்துக்கு. முந்தின நாள் சோதனையை அப்படியே ஒப்பித்தேன். டேங்க் குழாயை மாட்டியிருந்தால் ஒரே நிமிட வேலை. இப்போது ஸ்பிரிங் இல்லாத கார்புரேட்டர் ஹெல்மெட்டில் கிடக்கிறது.

விவரத்தைக் கேட்டு முடித்தபோது, சிரிப்பை அடக்கியதில் அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனாலும் கணக்கை விடவில்லை. குனிந்து டேப்பில் இருந்த எண்ணை மீட்டர் எண்ணிலிருந்து கழித்துப் பார்த்தார். "முப்பத்தெட்டு. முன்ன எவ்ளோ கொடுத்துச்சு?"

"நாப்பத்தஞ்சு."

"பரவால்ல மச்சான். ஏறுங்க."

கோவில் வாசலில் நாதஸ்வரம் முழங்கியது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். என்னைக் காணாமல் அப்பா தவித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் கார்க் கதவு திறந்தது. முதலில் இறங்கியது நான்தான். கையில் மாலை, முகமெல்லாம் கரி, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அவசரத்தில் ஒரு பெரியம்மா எனக்கே ஆரத்தி சுற்றத் தொடங்கிவிட்டார்.

அப்பா கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "டேய், நீ எந்த வீட்டுக்காரன்டா?"

காரைச் சுற்றி ஓடி எங்கள் பக்கம் வந்து நின்றேன். மாப்பிள்ளை இறங்கினார். மாலை போட்டேன். பதற்றத்தில் அவர் தோளைப் பிடித்தபடியே உள்ளே அழைத்துப் போனேன். கையை எடுத்தபோது சந்தன நிற ஜிப்பாவில் என் ஐந்து விரலும் உள்ளங்கையும் ரேகையோடு பதிந்திருந்தன.

முகூர்த்தம் தப்பவில்லை. மணவறையில் மாப்பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்த அக்கா, குனிந்த தலையோடு முதலில் பார்த்தது அந்தக் கைத்தடத்தைத்தான். "இது என்ன?" என்றாள். "உன் தம்பி," என்றார் பிரபா மாமா. அக்கா சிரித்துவிட்டாள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். ஆல்பத்தில் அவள் வாய்விட்டுச் சிரிக்கும் படம் அது ஒன்றுதான். அதைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். என் கையும் தெளிவாகத் தெரிகிறது.

ஜிப்பாக் கறை போகவே இல்லை என்பாள் அக்கா. அவள் அதைத் தண்ணீரில் நனைக்கவே இல்லை என்பார் மாமா.

எனக்கும் கல்யாணமாகி இப்போது கார் ஓட்டுகிறேன். அதன் முன்மூடியைத் திறக்க என் மனைவி அனுமதிப்பதில்லை. போன வாரம் அக்கா வீட்டு விருந்துக்குக் கிளம்பத் தாமதம். அக்கா கூப்பிட்டாள். பழக்க தோஷத்தில், "வந்துக்கிட்டே இருக்கேன்கா," என்றேன்.

அந்தப் பக்கம் அக்கா சிரிப்பது கேட்டது. பிறகு கைப்பேசி மாமாவின் கைக்குப் போனது.

"டேங்க்லயா மச்சான், போத்தல்லயா?"