பெயிண்ட் கடைக்கு வாரிசு

"மாசாமாசம் சம்பளமே குடுத்துடுங்கப்பா" என்றான் மகன்.

பெயிண்ட் கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையை யாருக்கு விடுவது என்று முடிவு செய்ய, பிள்ளைகள் இருவரையும் கல்லாவுக்கு எதிரே நிறுத்தி அவர் கேட்ட கேள்வி இது: கடையின் லாபநஷ்டம் வேண்டுமா, மாதச் சம்பளம் வேண்டுமா? முடிவு அவர் மனதில் எப்போதோ ஆகிவிட்டது. கேள்வி சும்மா ஒப்புக்கு. ஆம்பளை என்றால் துணிவான், பொம்பளை என்றால் பயப்படுவாள், அதிலும் தன் வம்சத்து ஆம்பளைக்குத் துணிச்சல் ரத்தத்திலேயே ஓடுகிறது. இந்தப் பிரசங்கத்தைக் கேட்காமல் அந்தக் கடையில் ஒரு பிரஷ்கூட வாங்க முடியாது.

"எனக்கு லாபநஷ்டம்ப்பா" என்றாள் மகள்.

"உன்னை யாரு இப்ப கேட்டா? டேய், பாதி நஷ்டத்தை நான் ஏத்துக்கறேன். இப்ப சொல்லு."

"அப்ப மீதிப் பாதி என் தலையிலயா? ஆளை விடுங்கப்பா!"

"சரி, போட்டி வச்சுக்கலாம்!" கலர் தப்பாகக் கலந்து, வாங்கியவர்கள் திருப்பித் தந்த டின்கள் மூலையில் குவிந்து கிடந்தன. அவற்றைக் காட்டினார். "சாயங்காலத்துக்குள்ள யார் அதிகமா விக்கறீங்களோ, கடை அவங்களுக்கு."

மகன் நாற்காலியை ஃபேனுக்கு அடியில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "தோத்தா அசிங்கம்ப்பா. நான் வரலை."

மகள் அதற்குள் தெருவில் இறங்கி, வீடு கட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரரைக் கையோடு கூட்டி வந்தாள்.

"உங்க சுத்துச்சுவருக்கு எல்லா டின்னையும் ஒண்ணாக் கலந்து தரேன். பாதி விலைதான். பிடிக்கலைன்னா பணம் வாபஸ்."

பழுப்பா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு நிறம் வந்தது. அந்த மனிதர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார். மூலை காலி.

"திருப்பிக்கிட்டு வந்து நின்னா?" என்றார் கடைக்காரர்.

"நஷ்டம்தான். அதுக்காக விக்காம இருக்க முடியுமா?"

கடைக்காரர் காலியான மூலையை எட்டிப் பார்த்தார். ஆனால் ஆசாமி லேசுப்பட்டவரா என்ன? காலை வரைக்கும் துணிச்சலாக இருந்தது, மகளிடம் வந்ததும் கொழுப்பாகிவிட்டது. மகனுடைய கோழைத்தனத்துக்கும் உடனே ஒரு நல்ல பேர் கிடைத்துவிட்டது.

சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்த மனைவியிடம், "பாத்தியா இவன் நிதானத்தை? தொழிலுக்கு இதுதான் வேணும்! வக்கீலுக்குப் போன் போடறேன், கடையை இவன் பேருக்கே எழுதிடலாம்" என்றார்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "விக்கறவங்களுக்குத்தான் கடைன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?"

"அது, அவன் விப்பான்னு நினைச்சுச் சொன்னது!"

மனைவி கேரியரை மேஜைமேல் வைத்தாள்.

"தாராளமா வக்கீலை வரச் சொல்லுங்க, பொண்ணு பேருக்கு எழுதிடறேன், கல்யாணமான புதுசுல எங்கப்பா இதே கேள்வியை நம்ம ரெண்டு பேரையும் கேட்டப்ப நான் லாபநஷ்டம்னு சொல்லிக் கடையை என் பேருக்கு வாங்கிக்கிட்டேன், நீங்க கேட்டது சம்பளம்தானே, அது பாட்டுக்கு ஒண்ணாந்தேதி வந்துடும்."