மூன்று நாளாக வராத சாக்கடை

மூன்று நாளாகச் சாக்கடை வரவில்லை. பதினொரு மணிக்கு அதிகாரி சோதனைக்கு வருகிறார். இப்போது மணி ஒன்பது.

சுத்திகரிப்பு நிலையத்தின் காய்ந்த வாய்க்காலை ஆபரேட்டர் எட்டிப் பார்த்தார். வாட்ச்மேனும் பார்த்தான். அவன் அவருடைய மனைவியின் தம்பி.

"ஊர்ல குழாய்லயே தண்ணி இல்ல மாமா. யாரும் குளிக்கிறதே இல்ல. சாக்கடை எங்கிருந்து வரும்?"

"தொட்டியில கிருமிங்க பட்டினி கிடக்குதுடா. அதுங்க செத்தா நாத்தம் வாசல் வரைக்கும் அடிக்கும். அதிகாரி மூக்கைப் பிடிச்சுட்டே உள்ள வருவார்."

ஊருக்கு அது சாக்கடை, ஆபரேட்டருக்கு அதிசயம். அடியிலிருந்து காற்றுக் குமிழ் விட்டுக்கொண்டே இருந்தால், கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் அழுக்கைத் தின்று கொழுத்து, திட்டுத்திட்டாகச் சேர்ந்து, அடுத்த தொட்டியின் அடியில் படியும். மேலே நிற்பது கண்ணாடி மாதிரி நீர். உள்ளே புது அழுக்கு வரவர அந்த நீர் பின்பக்கக் குழாய் வழியாக வெளியே வழியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை விளக்கும்போது அவர் குரல் தழுதழுக்கும். "குடிக்கலாமா சார்?" என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். அவர் குடிப்பது கேன் தண்ணீர். இரண்டு வருடமாக ஒரே ஆளிடம் வாங்குகிறார். அந்த ருசி வேறெங்கும் கிடைக்காது என்பார்.

இந்தச் சோதனையில் தேறாவிட்டால் அவருக்குக் குப்பைக் கிடங்குக்கு மாற்றல் என்று நகராட்சித் தலைவர் சொல்லிவிட்டார். குப்பைக் கிடங்கில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது?

"வீட்ல சர்க்கரை எவ்வளவு இருக்கு?"

"அஞ்சு கிலோ. அக்கா கொன்னே போட்டுடுவா மாமா."

"கொண்டா."

தொட்டியில் கொட்டினார்கள். பட்டினி கிடந்த உயிர்களுக்கு விருந்து ஒத்துக்கொள்ளவில்லை. பத்து மணிக்கு நுரை பொங்கித் தொட்டியைத் தாண்டியது. பத்தேகாலுக்குப் படியிறங்கி வாட்ச்மேனின் சைக்கிளை விழுங்கியது.

"மாமா, என் சைக்கிள்!"

"சைக்கிள் கிடக்குது, மோட்டாரைப் போடு!"

அடுத்த தொட்டியில் மிச்சமிருந்த தெளிந்த நீரையெல்லாம் நுரைமேல் பீய்ச்சினார்கள். நுரை அடங்கியது. தெளிந்த நீரும் தீர்ந்தது. அதிகாரிக்கு எடுத்துக் கொடுக்க இருந்ததே அதுதான் என்பது ஆபரேட்டருக்கு அப்போதுதான் உறைத்தது. தொட்டியில் சேறு மட்டும் இளித்தது.

வெயிலில் வந்த அதிகாரி மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "நீங்களே ஒரு பாட்டில் பிடிச்சுட்டு வாங்க, போதும்."

ஆபரேட்டர் நேராகக் கேனிடம் போனார்.

"மாமா, இது தப்பு."

"வாயை மூடு."

"அதில்ல, காலையில வந்த கேன் இது. குடிச்சுப் பார்த்தேன், ஒரு மாதிரி இருக்கு."

"உன் நாக்கு ஒரு மாதிரி."

அதிகாரி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பளிங்கு மாதிரி இருந்தது. பிறகு ஒரு மருந்தை இரண்டு சொட்டு விட்டார். கழிவு மிச்சமிருந்தால் மஞ்சளாகும். இதையும் ஆபரேட்டர் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறார்.

மஞ்சளானது. நன்றாகவே மஞ்சளானது.

"தேறல," என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

ஜீப் வாசலைத் தாண்டும்போது, காலையில் எடுக்காமல் விட்ட காலி கேனை எடுக்கக் கேன்காரர் உள்ளே வந்தார். ஆபரேட்டர் அவர் சட்டையைப் பிடித்தார்.

"என்ன தண்ணிய்யா கொண்டாந்து போட்ட? ரெண்டு வருஷமா நல்லாத்தானே இருந்துச்சு!"

கேன்காரர் தலையைச் சொறிந்தார்.

"கோச்சுக்காதீங்க சார். எப்பவும் உங்க பின்பக்கக் குழாய்லதான் பிடிப்பேன். மூணு நாளா அதுல வரலியே, அதான் வேற எடத்துல பிடிச்சேன்."