மாமனாரைத் தெளிவாக்கியது தொடர்பாக

அன்பு மைத்துனனுக்கு, உன் அத்தான் எழுதிக்கொள்வது. உன் அக்கா என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர, இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலமும் அவ்விதமே என்று நம்புகிறேன்.

உன் அப்பா புது வீட்டில் சாமான் இறக்கிய நாளில் யாரோ எடுத்த வீடியோ உனக்குத் தெரியும். நீயும் அக்காவும் அன்று அங்கே இல்லை. தீப்பெட்டி அளவுப் படம்; வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு போவார். மறைந்த மாமா நடமாடும் படம் அது ஒன்றுதான் என்று உன் அக்கா அதைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்குவாள். அவள் பிறந்த நாளுக்கு மாமாவைப் பெரிய டிவியில் பளிச்சென்று காட்டலாம் என்று நினைத்தேன். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

வரைபட அலுவலகத்தில் கோடு போட்டே தலை நரைத்தவன் நான். மங்கலாக எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. பழைய வீடியோவைத் தெளிவாக்கும் மென்பொருள் ஒன்றைக் கணினியில் இறக்கி, முதலில் படத்தின் ஆட்டத்தை நிறுத்தினேன், எடுத்த புண்ணியவான் யாரோ, கை அப்படி நடுங்கியிருக்கிறது. பிறகு புள்ளிகளைத் துடைத்தேன். சத்தத்தைப் பிரித்தால் லாரி இரைச்சலுக்கு அடியில் ஒரே இருமல், இரண்டையும் வழித்தெடுத்துவிட்டுப் புல்லாங்குழல் போட்டேன். ஒரு தரம் துவைத்தால் போதுமா என்று, வெளியே வந்த படத்தையே மறுபடி உள்ளே கொடுத்துத் துவைத்தேன். புதுப் படம் யானை மாதிரி இடத்தை அடைத்துக்கொண்டதால் பழையதை அழித்தும் தொலைத்தேன். பிறந்த நாளுக்கு வந்தவர்களை உட்கார வைத்து டிவியைப் போட்டால், விசிறியோடு திரும்பிய மாமாவுக்கு முறுக்கு மீசை. ஆயுசுக்கும் மீசையே வைக்காத மனுஷன்.

"எங்கப்பாவ என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று கேட்டவள்தான், அதன்பிறகு வாயே திறக்கவில்லை. இல்லாததையும் மென்பொருள் தானாக இட்டு நிரப்பும் என்று எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினாள். சாப்பாட்டுத் தட்டு வருகிறது, பேச்சு வருவதில்லை. அவள் அப்பாவுக்கு இருந்த ஒரே படத்தையும் கெடுத்துவிட்டேனே என்று மறுபடி கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே, மாமாவின் நல்ல போட்டோ ஒன்று அனுப்பு. அந்த முகத்தை இந்த உடம்பில் ஒட்டிப் பார்க்கிறேன். உன்னிடம் பழைய வீடியோ இருந்தால் தயவுசெய்து அழித்துவிடு. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் நான் தொலைந்தேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். அவளுக்காவது என் மேல் மரியாதை இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாயடைத்துப் போன அத்தான்

பி.கு.: மேலே கேட்டது எதையும் செய்து வைக்காதே. பிறந்த நாளன்று கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருந்த உன் அம்மா, இன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவியில் மூக்கு இடிக்கப் பார்த்தார். "இது லாரி டிரைவர்ல? மீசை அப்படியே இருக்கே. உங்க மாமா என்னைக்குச் சாமான் தூக்கினாரு? இருமிக்கிட்டே கேமராவப் பிடிச்சிட்டு நின்னாரு" என்றார். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றால், அந்த மங்கலில் யார் கண்டது, நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று இருந்துவிட்டாராம்.

உன் அக்கா என்னிடம் பேசிவிட்டாள். "அந்த இருமல் எங்கே?" என்றுதான் கேட்டாள். உடனே இந்தப் பி.கு.வை எழுத உட்கார்ந்தேன். பழையது உன்னிடம் இருந்தால், அந்த நடுக்கத்தோடும் இருமலோடும் அப்படியே அனுப்பு. சத்தியமாகக் கை வைக்க மாட்டேன்.